பலகையில இருந்து எடுத்த கால்

எணேய் அம்மா!

இப்படித்தான் நான் அவவக் கூப்பிடுறது. கூப்பிட்டா, "இருக்கிறன் இருக்கிறன், செத்துப் போகேல்ல, கத்தாத" எண்டு அடுப்படியில இருந்து மறுமொழி வரும். இப்பவும் விடிய எழும்பின உடன அதுதான் வாயில வருது. சுடுதண்ணி வைக்க வேணும், மருந்துத் துணி வெட்ட வேணும் எண்டு அந்தரப்பட்டு எழும்பி, கூப்பிட்டும் போட்டு, பேந்துதான் கட்டில் வெறுமையாக் கிடக்கிறதப் பாக்கிறன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். கனகாலமா இருந்தது. அவ அதை ஒரு வருத்தமாவே எடுக்கேல்ல. எங்கட வீடு தீவின்ர தெற்குக் கரையில. அம்மாவுக்குக் கருவாட்டு வாடியில வேலை. ஒரு நாள் அங்க மீன்முள் ஒண்டு வலது காலில ஏறினது அவவுக்குத் தெரியவே தெரியாது. சீனிக்காறருக்குக் கால் விறைச்சுப் போயிடும், குத்தினாலும் நோகாது. தெரியவரேக்க கால் கறுத்துப் போச்சு. ரெண்டு விரலை எடுத்தினம். "ரெண்டு பேர் எனக்கு முதல் மோட்சத்துக்குப் போய் இடம் பிடிச்சு வச்சிருக்கினம்" எண்டு வார்ட்டில கிடந்துகொண்டு சிரிச்சா. மற்றக் கட்டிலில கிடந்த சனமும் சிரிச்சது. எனக்குச் சிரிப்பு வரேல்ல.

நான் அதோட பள்ளிக்கூடத்தை விட்டிட்டன். அப்பாவும் இல்லை, அக்கா கலியாணம் கட்டிப் பெருநிலத்தில வயல் ஊர், பாப்பாமோட்டைக்குப் போயிட்டா, வீட்டில நானும் அம்மாவும் மட்டும்தான். விரல் எடுத்த இடம் காஞ்சு மாறினாலும் உள்ளங்காலில ஒரு புண் கிடந்தது. அதின்ர வாய் மூடவே இல்லை. காலையும் பின்னேரமும் நான்தான் கழுவி மருந்து கட்டுறது. அந்தப் புண்ணை எனக்கு என்ர உள்ளங்கை மாதிரித் தெரியும். எந்தப் பக்கம் சிவப்பு, எந்தப் பக்கம் வெள்ளை, எந்தப் பக்கம் மணக்குது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்.

மாரி தொடங்கேக்கதான் அது மெல்ல மூடினது. கிளினிக்கில டொக்டர் கட்டை அவிட்டுப் பாத்துச் சந்தோசப்பட்டா. பேந்து முகத்தை மாத்திக்கொண்டு சொன்னா: "அம்மா, இது மேல்தோல்தான். உள்ளுக்க இன்னும் பச்சை. இனி ஒருக்காத் திறந்தா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேணும். வெறுங்காலோட நடக்கக் கூடாது. சேறு, கடல் தண்ணி ரெண்டும் படவே கூடாது."

அம்மா என்ன சொன்னா தெரியுமோ? "அப்ப டொக்டர், நான் மன்னாரில இருக்கக் கூடாது எண்டு சொல்லுறியள்."

பக்கத்தில நிண்ட நேர்ஸ் மிஸ்ஸி வாயைப் பொத்திச் சிரிச்சா. நான் டொக்டரின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். அவ சிரிக்கேல்ல.

அந்த நத்தாருக்கு அக்காவின்ர பிள்ளையள் வந்து நிண்டதுகள். மூண்டு பேர். பெரியவளுக்கு எட்டு வயசு. சின்னவனுக்கு அஞ்சு. கடைசி ஒண்டு அப்பத்தான் நடை பழகினது. அம்மா ஆசுப்பத்திரியில கிடக்கேக்க அதுகளுக்கு ஒரு வாக்குக் குடுத்திட்டா. கால் மாறினா எருக்கலம்பிட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பூநாரை காட்டுறன் எண்டு. மாரி முடியேக்க அங்க தரவை எண்ட உப்புச் சேத்து வெளி முழுக்க வந்து நிக்கும், தூரத்தில இருந்து பாத்தா ஆரோ சேலை காயப் போட்ட மாதிரி இருக்கும். பாப்பாமோட்டைப் பிள்ளையளுக்கு வயலில நிக்கிற வெள்ளைக் கொக்கு தெரியும், இது தெரியாது. வந்து இறங்கின நேரம் தொடக்கம் "அம்மம்மா, எப்ப? அம்மம்மா, எப்ப?" எண்டு ஒரே ஆக்கினை.

அக்கா மறிச்சுப் பாத்தா. "நீங்க ஒழுங்கா வீட்ட இருங்கோ அம்மா. அவர் பிள்ளையளைக் கொண்டுபோய்க் காட்டிட்டு வருவார்."

"காட்டுறன் எண்டு சொன்னது நானோ உன்ர புருசனோ?"

"உங்கட காலுக்கு ஏதும் நடந்தா?"

"நான் என்ன, ஓட்டப் பந்தயத்துக்கே போறன்? உன்ர புருசன்ர உழவு மிசின் பெட்டிக்குள்ள குந்தி இருக்கப் போறன்."

அக்கா என்னைப் பாத்தா, நீயாவது சொல்லன் எண்டு. எனக்கும் விருப்பமில்லைத்தான். ஆனா அம்மா எத்தினை மாசமா அந்தக் கட்டிலையும் கூரையையும் மட்டும் பாத்துக்கொண்டு கிடந்தவ. நான் ஒரு கட்டளை போட்டன். "பெட்டியில இருந்து நிலத்தில கால் வைக்கக் கூடாது. வச்சா நான் மருந்து கட்ட மாட்டன், சொல்லிப்போட்டன்."

"சரிங்கோ டொக்டர்" எண்டா.

புதுவருசம் முடிஞ்சு ராசாக்கள் திருநாளுக்கு முதல் போனனாங்கள். அத்தான் ஊரில இருந்து தன்ர உழவு மிசின், லாண்ட்மாஸ்ரரைப் பின்னால பூட்டிற பெட்டியோட கொண்டு வந்திருந்தார். பெட்டிக்குள்ள வைக்கல் பரப்பி, நடுவில பிளாஸ்ரிக் கதிரை வச்சு, கதிரையைக் கயித்தால இறுக்கிக் கட்டி, அம்மாவைத் தூக்கி இருத்தினம். கிளினிக்கில தந்த சப்பாத்து, அதுக்கு மேல நான் ஒரு பொலித்தீன் பையைப் போட்டு ரப்பர் மாட்டிவிட்டன். றோட்டால போகேக்க எங்கட தெருச் சனம் எல்லாம் வெளியால வந்து பாத்தது. அம்மா ரெண்டு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டு போறா.

"மாதா சுருவம் சுத்துப் பிரகாரம் வருது, மெழுகுதிரி கொழுத்துங்கோடி" எண்டு தானே சொல்லிச் சிரிக்கிறா. சந்தியில நிண்ட ஒரு மனிசி உண்மையாவே நெத்தியில சிலுவை போட்டுக் காட்டினா. பிள்ளையளுக்குச் சிரிச்சுச் சிரிச்சு விக்கல் வந்திட்டுது. நான் மட்டும் குனிஞ்சு அந்தப் பொலித்தீன் பையைப் பாத்துக்கொண்டு வந்தன். ஒவ்வொரு குழிக்கையும் பெட்டி தூக்கிப் போடேக்க ரப்பரை ஒருக்காத் தொட்டுப் பாத்தன்.

தரவையடிக்குப் போகேக்க நல்ல வெயில், காத்தில்லை. பறவையள் தூரத்தில நிண்டதுகள். ஒரே இளஞ்சிவப்பு. சின்னவன், "அம்மம்மா, அதுகள் ஏன் ஒத்தைக் காலில நிக்குதுகள்?" எண்டு கேட்டான். "அதுகளுக்கும் சீனி வருத்தமாக்கும்" எண்டா அம்மா. அத்தான் லாண்ட்மாஸ்ரரை நிப்பாட்டி, பின்பலகையைக் கழட்டிக் கீழ வச்சார், பிள்ளையள் ஏறி இறங்க. அக்கா பாணும் மீன்பொரியலும் எடுத்தா. அம்மா கதிரையில இருந்தபடியே சாப்பிட்டா, சொன்ன சொல் மாறேல்ல.

சாப்பிடேக்கதான் அம்மா அந்தக் கதையைச் சொன்னது. எங்கட நத்தார்ப் பாலன் குடிலில தொங்கிற சம்மனசு, அந்தத் தேவதூதருக்கு ஒரு பக்கச் செட்டையை எலி அரிச்சுப் போட்டுது. "உந்தச் சிவப்பு இறகு ஒண்டு கிடைச்சா ஒட்டிவிடலாம். மன்னாரில மட்டும்தான் சிவப்புச் செட்டைச் சம்மனசு இருக்கு எண்டு கோயில் முழுக்கக் கதைக்கும்" எண்டா. பகிடிக்குத்தான். பெரியவள் அதைப் பகிடியா எடுக்கேல்ல. சாப்பிட்ட கையைப் பாவாடையில துடைச்சுக்கொண்டு தரவைக்க இறங்கினவள், நேர பறவையளைப் பாத்து நடக்கத் தொடங்கிட்டாள்.

அம்மாதான் முதல் கண்டது. "தம்பி, பிள்ளையக் கூப்பிடுங்கோ! அங்கால விடாதேங்கோ!"

அத்தான் வைக்கலுக்கு மேல சரிஞ்சு கிடந்தார். "விடுங்கோ மாமி, சேறுதானே. உங்கட ஆக்களுக்குக் கடலில விட்டாப் பயமில்லை, சேத்தைக் கண்டாத்தான் பயம். எங்கட பிள்ளை நாத்து நடுற சேத்துக்க உருண்டு வளந்தது."

"தம்பி, இது வயல் இல்லை."

"சேறு எல்லாம் ஒரு சேறுதானே மாமி."

அத்தானைப் பிழை சொல்லேலாது. அவர் பிறந்து வளந்தது வயலுக்க. வயல் சேத்துக்கு அடியில ஒரு கட்டித் தரை இருக்கும். முழங்கால் மட்டும் புதையும், பேந்து கால் நிக்கும். வயல் சேத்தில நடக்கிறவையின்ர பழக்கம், ஒரு காலை ஊண்டி மற்றக் காலைப் பிடுங்கிறது. பெரியவளுக்கும் அதுதான் தெரியும். தரவைச் சேறு அப்படியில்லை. மேல வெயிலுக்குக் காஞ்சு, வெடிச்சு, உப்புப் பூத்து, சீமெந்து போட்ட முத்தம் மாதிரி இருக்கும். கீழ அடியே இல்லை. ஊண்டின கால் போய்க்கொண்டே இருக்கும்.

அவள் நல்லாத் தூரம் போயிட்டாள். நாங்கள் எல்லாரும் சேந்து கூப்பிட்டம். அந்த நேரம் பாத்துத்தான் வாடைக் காத்து எழும்பினது. பறவையள் நிண்ட பக்கம் இருந்து எங்கட முகத்துக்கு நேர அடிக்குது. நாங்கள் கத்துறது எங்கட காதுக்கே திரும்பி வருது, அவளுக்கு எங்க கேக்கப் போகுது? அவள் குனிஞ்சு எதையோ எடுக்கிறது தெரிஞ்சது. நிமிரேக்க கட்டையாப் போயிட்டாள். முழங்கால் வரைக்கும் சேத்துக்க. இன்னும் ரெண்டு தரம் உன்னினாள். இடுப்பு வரைக்கும் போயிட்டாள்.

"ஐயோ என்ர பிள்ளை!" எண்டு அக்கா போட்ட சத்தம் இப்பவும் காதுக்க நிக்குது.

அத்தான் பாய்ஞ்சு விழுந்து ஓடினார். வயலுக்க ஓடுற மாதிரியே, காலைத் தூக்கித் தூக்கி. பாதித் தூரம் போகேல்ல, தொடை மட்டும் இறங்கிட்டார். உன்ன உன்ன இன்னும் இறங்கிறார். அக்காவும் ஓட வெளிக்கிட, அம்மா கதிரையில இருந்து எட்டி அவவின்ர தலைமயிரைப் பிடிச்சு இழுத்தா. "நில்லடி! மூண்டு பேரை ஆர் எடுக்கிறது?"

அப்பத்தான் நான் தண்ணியைக் கண்டன். வாடை அடிச்சா வடக்குக் கடல் தண்ணியைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தத் தரவையில ஏத்திப் போடும். அலை ஒண்டும் இல்லை. கண்ணாடி ஒண்டை ஆரோ நிலத்தில மெல்லத் தள்ளிக்கொண்டு வாற மாதிரி, பறவையளின்ர பக்கத்தில இருந்து பெரியவளின்ர பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. இடுப்பு மட்டும் புதைஞ்சு நிக்கிற பிள்ளைக்கு ஒரு முழத் தண்ணி போதும்.

அம்மா பெட்டியில இருந்து இறங்கிட்டா.

"அம்மா, கால்!" எண்டன். கடைக்குட்டி என்ர இடுப்பில. சின்னவன் என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு அழுறான்.

"காலைப் பேந்து பாப்பம். அந்தப் பின்பலகையைத் தள்ளு இஞ்சால."

"நான் போறன். எனக்குக் காட்டித் தாங்கோ, நான் போறன்."

"உனக்கு இதைக் காட்டித் தர நேரமில்லை. குழந்தையை விடாத. விட்டா இதுவும் இறங்கிடும்."

அம்மா பிறந்தது பெருநிலப் பக்கம், களப்புக் கரை ஊர் ஒண்டில. சின்னனில பலகை போட்டுச் சேத்துக்க மட்டி பொறுக்கினனான் எண்டு எப்பவாவது சொல்லுவா. நாங்கள் அதை ஒரு பழங்கதையா எடுத்துக்கொண்டு விட்டிட்டம். நான் கண்ணால கண்டது அண்டைக்குத்தான். ஒரு முழங்காலைப் பலகையில ஊண்டி, ரெண்டு கையாலும் பலகையின்ர முன்பக்கத்தைப் பிடிச்சு, மற்றக் காலை வெளியால விட்டுச் சேத்தை உதைச்சு உதைச்சுப் போறது. பலகை வழுக்கிக்கொண்டு போகும், கீழ இறங்காது.

அம்மா வலது முழங்காலைத்தான் பலகையில வச்சா. அதை நான் பாத்தன். வலதுதான் புண் கால். பொலித்தீன் பை போட்ட அந்தக் கால் பலகைக்கு மேல, பின்னால நீட்டிக்கொண்டு, காஞ்சபடி கிடந்தது. நல்ல கால்தான் சேத்தை உதைச்சது. எனக்கு ஒரு மூச்சு வந்தது. அம்மா மறக்கேல்ல, கவனமாத்தான் போறா, கடவுளே இப்படியே போய் இப்படியே வரட்டும் எண்டு நிண்டன். "பிரியதத்தத்தினாலே" எண்டு தொடங்கினனான், பாதியில அந்தப் பழைய மாதா செபம் மறந்துபோய்த் திரும்பத் திரும்ப அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டு நிண்டன்.

அத்தானைக் கடக்கேக்க அம்மா கத்தினது காத்துக்க அரைகுறையாக் கேட்டது. "தம்பி, நிக்காதேங்கோ! குப்புறப் படுங்கோ! நீந்துற மாதிரிப் படுங்கோ! வெக்கப்படாதேங்கோ, இஞ்ச ஒருத்தரும் போட்டோ எடுக்கேல்ல!"

அந்த நேரத்திலயும் பகிடி. அத்தான் குப்புறப் படுத்தார்.

றோட்டால மோட்டச்சைக்கிளில மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்தார், எருக்கலம்பிட்டி முஸ்லிம் ஆள், வயசு போனவர். அக்கா றோட்டுக்கு நடுவில விழுந்து மறிச்சா. அவர் தரவையைப் பாத்த உடன சைக்கிளை அப்பிடியே சரிச்சுப் போட்டிட்டு ஓடி வந்தார்.

"யா அல்லாஹ்! வாடைக்கு இந்தத் தரவையில இறங்குறதா? எந்த ஊர் ஆக்கள் நீங்க?"

"பாப்பாமோட்டை" எண்டா அக்கா அழுதுகொண்டு.

"அதானே! வயல்காரர்!" எண்டு ஏசிக்கொண்டே கதிரை கட்டின கயித்தை அவிட்டார். அவிட்டபடி அம்மாவைப் பாத்தார். "பலகையில போறது ஆரு?"

"எங்கட அம்மா."

"அவ வயல்காரி இல்ல" எண்டார்.

அவர் கயித்தைச் சுழட்டி எறிஞ்சு, அத்தான் பிடிச்சு, அக்காவும் அவரும் இழுக்க, அத்தான் வயித்தால ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். நான் அதை வடிவாப் பாக்கேல்ல. என்ர கண் முழுக்க அம்மாவில.

அம்மா பிள்ளையிட்டப் போயிட்டா. தண்ணியும் போயிட்டுது. பிள்ளையின்ர நெஞ்சைச் சுத்தித் தண்ணி மினுங்கினது. அம்மா பலகையில கவிண்டு கிடந்து ரெண்டு கையாலும் சேத்தைத் தோண்டுறா. ஒரு பக்கம் தோண்ட மற்றப் பக்கம் மூடும். எவ்வளவு நேரம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. கடைக்குட்டி என்ர காதுத் தோட்டைப் பிடிச்சு இழுத்துக்கொண்டே இருந்தாள், காது கிழிஞ்சது பேந்துதான் தெரியும். கடைசியா ஒரு இழுவையில பெரியவளின்ர கால் வந்தது. செருப்பில்லாம, கறுப்பா, மீன்குட்டி மாதிரி வழுக்கி வந்து பலகையில விழுந்தாள்.

அதில அம்மா நிண்டிட்டா.

எனக்கு விளங்கினது. அந்தப் பலகை ஒரு ஆளுக்குத்தான் காணும். பிள்ளையைக் கிடத்தினா, அம்மாவின்ர முழங்காலுக்கு இடமில்லை. பிள்ளையை இருத்தினாலும் அவளுக்கு ஏலாது, நடுங்கிப்போய்த் துணி மாதிரிக் கிடந்தாள். அம்மாவின்ர தலை எங்கட பக்கம் திரும்பினது. அவ்வளவு தூரத்தில முகம் தெரியாது. ஆனா என்னைத்தான் பாத்தா. எனக்குத் தெரியும்.

நான் கத்தினன். "வேண்டாம் அம்மா! அந்த ஆள் கயிறு கொண்டு வாறார்! கொஞ்சம் நில்லுங்கோ!" காத்து அதை என்ர வாய்க்கையே திருப்பித் தள்ளினது. தண்ணி ஏறுது, கயிறு அத்தானிட்ட, கயிறு அவ்வளவு தூரம் எட்டவும் மாட்டாது. நான் கத்தினது பொய் எண்டு எனக்கே தெரியும்.

அம்மா வலது காலைப் பலகையில இருந்து எடுத்தா. மெல்ல எடுத்தா. கோயிலுக்க முழங்காலில இருந்து எழும்பிற மாதிரி. எடுத்துச் சேத்துக்க விட்டா. பேந்து பலகைக்குப் பின்னால வயித்தால படுத்து, பலகையை ரெண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, ரெண்டு காலாலும் உதைச்சு உதைச்சு வந்தா.

அந்த நேரத்தில பறவையள் எல்லாம் எழும்பினது. தண்ணி கூடினதாலயோ, நாங்கள் போட்ட சத்தத்தாலயோ தெரியாது. வானம் முழுக்கச் சிவப்பு. நாங்கள் அதைப் பாக்கத்தானே வந்தது. ஒருத்தரும் பாக்கேல்ல. கடைக்குட்டி மட்டும் என்ர இடுப்பில இருந்துகொண்டு கையைத் தட்டித் தட்டிச் சிரிச்சது.

கரைக்குக் கிட்ட வர அந்த ஆள் இடுப்பளவு சேத்துக்க இறங்கிக் கயித்தை எறிஞ்சு, பலகையோட ரெண்டு பேரையும் இழுத்து எடுத்தார். அம்மாவின்ர சப்பாத்தும் இல்லை, பையும் இல்லை, கட்டும் இல்லை. எல்லாம் சேத்துக்க. குடிக்கக் கொண்டு வந்த தண்ணி முழுக்க ஊத்தி நான் காலைக் கழுவினன். கழுவக் கழுவக் கறுப்புத் தண்ணிதான் வருது. பேந்து சிவப்பு வந்தது. புண்ணின்ர வாய் முழுக்கத் திறந்து, உள்ளுக்க ஒரு மட்டிச் சிப்பித் துண்டு நிண்டது. நான் அதை விரலால எடுத்தன். அம்மா ஒரு சத்தமும் போடேல்ல. அதுதான் எனக்குப் பயம். நொந்தாக் கத்தியிருப்பா.

"திறந்திட்டுதோ?" எண்டு கேட்டா.

"சின்னனாத்தான்."

"உன்ர மூஞ்சியைப் பாத்தாத் தெரியுது எவ்வளவு சின்னன் எண்டு" எண்டா. பேந்து என்ர தலையில சேத்துக் கையை வச்சு, "மருந்து கட்டுவியோ? மாட்டன் எண்டனியே" எண்டா. நான் விக்கி விக்கி அழுதன்.

பெரியவள் கையைப் பொத்தினபடியே கிடந்தாள். அக்கா கையை விரிச்சுப் பாத்தா, உள்ளுக்க ஒரு இறகு. கசங்கி, சேறு பிடிச்சு, நுனியில மட்டும் கொஞ்சம் சிவப்பு. அக்கா பிள்ளையின்ர கன்னத்தில ஒண்டு போட்டா. ஆசுப்பத்திரிக்குப் போற வழியில அந்த இறகைப் பறிச்சு றோட்டில எறிஞ்சா. அப்பத்தான் அம்மாவுக்குக் கோவம் வந்தது. அண்டு முழுக்க வராத கோவம்.

"ஏன்டி எறிஞ்சனீ? அதுக்குத்தானே பிள்ளை போனவள்! அதுக்குத்தானே இவ்வளவு பாடும்!"

அத்தான் லாண்ட்மாஸ்ரரை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பி ஓடித் தேடினார். காத்துக் கொண்டு போயிட்டுது.

மற்றதை நான் நீட்ட விரும்பேல்ல. டொக்டர் சொன்னது அப்படியே நடந்தது. காய்ச்சல் வந்தது. முழங்காலுக்குக் கீழ எடுத்தினம், பேந்து மேல எடுத்தினம், பேந்து விசம் ரத்தத்தில கலந்திட்டுது எண்டினம். தவக்காலம் தொடங்கி, நெத்தியில சாம்பல் பூசின கிழமைதான் அம்மா போனவ. கடைசியா வடிவாக் கதைச்ச அண்டு, அக்காவை வெளியால அனுப்பிப்போட்டு என்னட்ட மட்டும் சொன்னா: "பெரிய பெட்டைக்கு ஒருத்தரும் சொல்லாதேங்கோ. சீனியால கால் போச்சு எண்டு சொல்லுங்கோ. அது பொய்யும் இல்லைத்தானே."

நாங்கள் சொல்லேல்ல. செத்த வீட்டில சொந்தக்கார மனிசி ஒராள், சவப்பெட்டிக்குக் கிட்ட நிண்டு, பிள்ளையின்ர தலையைத் தடவித் தடவி எல்லாருக்கும் சொன்னா: "இந்தக் குஞ்சை எடுக்கப் போய்த்தான் பாவி இந்தக் கோலத்தில கிடக்கிறாள்." இரக்கப்பட்டுத்தான் சொன்னவ. பெரியவள் அதைக் கேட்டுக்கொண்டு நிண்டாள். அதுக்குப் பிறகு அவள் வயலுக்க இறங்கிறதில்லை எண்டு அக்கா சொன்னா. தேப்பனுக்குத் தேத்தண்ணி குடுக்கவும் வரம்பில நிண்டு கூப்பிடுவாளாம்.

போன மாசம் நான் பாப்பாமோட்டைக்குப் போனனான். அவளுக்கு இப்ப முதல்நன்மைக்கு, முதன்முதலா நற்கருணை வாங்க, கோயிலில படிப்பிக்கினம். நன்மை வாங்க முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேணும். கிணத்தடியில நான் உடுப்புத் தோய்க்க, பக்கத்தில வந்து குந்தினாள்.

"சின்னம்மா, பாதரிட்ட எல்லாத்தையும் சொல்ல வேணுமோ?"

"ஓம். களவெடுத்தது, பொய் சொன்னது, தம்பிக்கு அடிச்சது எல்லாம்."

"இறகு எடுக்கப் போனதும்?"

நான் தோய்ச்ச சட்டையை வாளிக்க போட்டன்.

"அது எத்தினையாம் கட்டளை சின்னம்மா? அஞ்சாம் கட்டளையோ?"

அஞ்சாம் கட்டளை, கொலை செய்யாதிருப்பாயாக. எட்டு வயசில தொடங்கி ஒரு வருசமா அவள் அதை நெஞ்சுக்க வச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறாள். நான் சவுக்காரக் கையோட அவளைப் பிடிச்சுக்கொண்டன். எனக்குத் தெரிஞ்சது அம்மா சொன்னது மட்டும்தான். "அண்டைக்கு அம்மம்மாவுக்குக் கோவம் வந்தது ஒரே ஒரு விசயத்துக்கு" எண்டன். "உன்ர அம்மா அந்த இறகை எறிஞ்சதுக்கு. நீ எடுக்கப் போனதுக்கு இல்லை."

"மெய்யாவோ?"

"மெய்யா."

நம்பினாளோ தெரியாது. நான் ஒரு ஆள் சொன்னாக் காணாது. செத்த வீட்டில எத்தினையோ பேருக்கு முன்னால கேட்டது, அதை மாத்த எத்தினையோ பேர் வேணும்.

வாற தவக்காலத்தில அம்மாவின்ர வருசப் பூசை எங்கட கோயிலில. பெரியவளும் வருவாள், முன் வாங்கில எனக்குப் பக்கத்தில இருப்பாள். வாற ஆக்கள் அவளின்ர தலையைத் தடவி ஒண்டும் சொல்லாதேங்கோ. வர ஏலாத ஆக்கள் உங்கட வீட்டில, உங்கட முறையில செய்யுங்கோ. கயிறு எறிஞ்ச அந்த ஐயாவுக்கும் சொல்லி விட்டனான், தான் துஆக் கேக்கிறன் எண்டவர்.

என்ர அம்மாவுக்காக எல்லாரும் செபியுங்கோ. மனசுக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்குக் கேக்கிற மாதிரி, வாய் விட்டுச் சத்தமாச் செபியுங்கோ.